கமரா விடுகிற பரிசோதனையும் அம்மாவின் இரண்டு முயல்களும்

புதுக்குடியிருப்புப் பக்கம் இருக்கும் ஒரு தங்கச்சி கேட்டது இது. அம்மாவுக்கு அறுபது நெருங்குகிறது, கொஞ்ச நாளாக மலத்தோடு இரத்தம் போகிறது, கிளினிக்கில் கொலனோஸ்கோப்பி (பின்வழியால் கமராக் குழாய் விட்டுப் பெருங்குடலைப் பார்க்கிற பரிசோதனை) செய்ய நாள் போட்டுக் கொடுத்துவிட்டார்கள், அம்மாவோ "செத்தாலும் அதுக்குப் போகமாட்டன்" என்கிறார். வீட்டில் இரண்டு முயல்கள், அவைதான் அவருக்கு எல்லாம். அந்த நாட்களில் முயல்களைப் பக்கத்தில் வைத்திருக்கலாமா, கிருமி ஏதும் தொற்றுமா, ஆஸ்பத்திரிக்குப் போகிற நாளில் அவற்றை யாரிடம் விடுவது? கடைசியாக ஒன்று, அதில் ஒரு முயல் தன் புழுக்கையைத் தானே தின்கிறதாம், அது ஏதும் வருத்தமா, நோயா?

வைத்திருக்கலாம் தங்கச்சி. வைத்திருக்கத்தான் வேண்டும் என்பேன். நான் அந்தப் பரிசோதனை நடக்கிற அறையில் நேர்ஸாக நின்றவள், பிறகு ஒரு காலத்தில் அதே மாதிரிக் கட்டிலில் இடப்பக்கம் திரும்பி முழங்காலை மடித்துப் படுத்தவள், வீட்டில் முயலும் வளர்க்கிறேன், அதனால் இரண்டு பக்கமும் தெரிந்துதான் சொல்கிறேன். அம்மா பயப்படுகிற இடம் வேறு, உண்மையில் கஷ்டம் இருக்கிற இடம் வேறு. கமரா உள்ளே போகிற அந்த அரை மணித்தியாலத்தை நினைத்துத்தான் எல்லாரும் நடுங்குகிறார்கள். அதில் பெரிதாக ஒன்றும் இல்லை. கஷ்டமானது அதற்கு முதல்நாள். அந்த நாளுக்குத்தான் முயல் உதவும்.

முதலில் அம்மா ஏன் போக வேண்டும் என்பதைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊர்களில் இரத்தம் போனால் உடனே "மூலம்" என்று முடிவு கட்டி, யாரோ சொன்ன மருந்தைக் குடித்துக்கொண்டு வருசத்தைக் கழிப்பார்கள். மூலமாக இருக்கலாம், அனேகமாக அதுவாகத்தான் இருக்கும். ஆனால் பார்க்காமல் அதைச் சொல்ல ஒருவராலும் முடியாது. பெருங்குடல் ஏறக்குறைய ஒன்றரை மீற்றர் நீளம், அதன் உட்சுவரில் சிலருக்குச் சின்னச் சின்ன முளைகள் வரும், அவற்றில் சில ஆண்டுக்கணக்கில் மெல்ல மெல்ல மாறிப் புற்றுநோயாகும். கமராவோடு போகிற கம்பிச் சுருக்காலேயே அந்த முளையை அப்போதே வெட்டி எடுத்துவிடலாம். நியூயோர்க்கில் 1969இல் இரண்டு வைத்தியர்கள் முதல்முதலாக அப்படி எடுத்துக் காட்டினார்கள், அதற்கு முன்பு உயரத்தில் இருக்கிற முளை ஒன்றை எடுக்க வயிற்றைத்தான் திறக்க வேண்டும். அம்மாவுக்கு இதைச் சொல்லுங்கள், "வருத்தம் இருக்கா எண்டு பாக்கிறது மட்டுமில்லை, இருந்தால் அப்பவே எடுத்துப்போடலாம்" என்று. பயந்த ஆளுக்கு இந்தக் கதை கொஞ்சம் இறங்கும்.

இப்போது முதல்நாள் விசயம். உண்மையில் அது இரண்டு மூன்று நாளுக்கு முன்பே தொடங்குகிறது. சக்கை கூடிய சாப்பாடு எல்லாவற்றையும் நிறுத்தச் சொல்வார்கள். எங்கள் சாப்பாட்டில் இது என்ன என்று துண்டில் எழுதித் தரமாட்டார்கள், அதனால் நான் சொல்கிறேன்: சிவப்புக் குத்தரிசி வேண்டாம், வெள்ளை அரிசிச் சோறு போடுங்கள். குரக்கன் பிட்டு, முருங்கை இலை, மற்றக் கீரைகள், பயறு, கௌபி, தேங்காய்ப்பூச் சம்பல், எள்ளு எல்லாம் வேண்டாம். கத்தரிக்காய், தக்காளி, கொய்யா போன்ற விதைக்காரருக்கு லீவு கொடுங்கள், அந்தச் சின்ன விதைகள் கமராவின் குழாயில் போய் அடைக்கும். வெள்ளை இடியப்பம், மீன் சொதி (காய் போடாமல்), அவித்த முட்டை, தோல் நீக்கி அவித்த உருளைக்கிழங்கு, பாண் என்றால் வெள்ளைப்பாண், இவை போதும். இரும்புச்சத்துக் குளிசை குடிக்கிறவர் என்றால் அதைக் கிட்டத்தட்ட ஒரு கிழமைக்கு முன்பே நிறுத்தச் சொல்வார்கள், அது மலத்தைக் கறுப்பாக்கிக் குடல்சுவரில் ஒட்டும். இரத்தம் போகிற ஆளுக்கு இரும்புக் குளிசை கொடுத்திருக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது, கிளினிக் கொப்பியைப் பாருங்கள்.

கடைசி நாள் முழுக்கத் தெளிந்த நீராகாரம் மட்டும். வெறுந்தேத்தண்ணி, வடித்த ரசம், வடித்த தேசிக்காய்த் தண்ணி, ஜீவனி (வயிற்றோட்டத்துக்குக் கரைத்துக் குடிக்கிற தூள்). பால் கூடாது. சிவப்பு, ஊதா நிறம் எதுவும் கூடாது, உள்ளே பார்க்கும்போது இரத்தம் மாதிரித் தெரியும், ஆகவே கடையில் நெக்டோ வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். இளநீர் நல்லதுதான், ஆனால் அதில் பொட்டாசியம் கூட, சிறுநீரகம் பழுதான ஆட்களுக்கு ஆபத்து. இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், வவுனியாவிலும் அதைச் சுற்றியும் காரணம் தெளிவாகாத சிறுநீரக நோய் இருப்பது எல்லாருக்கும் தெரிந்தது, தனக்கு அது இருப்பது தெரியாமலே நடமாடுகிறவர்களும் உண்டு. குடலைக் கழுவக் கொடுக்கிற மருந்திலும் இதே கவனம் வேண்டும். பொலிஎதிலீன் கிளைக்கோல் என்று ஒரு தூள் இருக்கிறது, அது உடம்பில் ஊறாது, தான் கரைந்த தண்ணீரையே பிடித்து வைத்துக்கொண்டு குடலைக் கழுவிக்கொண்டு வெளியே போகும். பொஸ்பேற்று வகை மருந்து அப்படியில்லை, அது உடம்பில் இருக்கிற தண்ணீரைக் குடலுக்குள் இழுக்கும், பொஸ்பேற்று இரத்தத்தில் ஏறிச் சிறுநீரகத்தையும் கெடுக்கலாம். அம்மாவுக்குச் சிறுநீரகப் பிரச்சினை, இருதய வருத்தம், சீனி வருத்தம், பிறஷர் எது இருந்தாலும் நாள் போடும்போதே சொல்லிவிடுங்கள். இன்சுலினோ சீனிக் குளிசையோ எடுப்பவர் பட்டினி நாளில் வழமையான அளவையே எடுத்தால் சீனி குறைந்து விழுந்துவிடுவார், அளவை எப்படி மாற்றுவது என்று அங்கே கேட்டு எழுதி வாங்குங்கள். இரத்தம் உறையாமல் இருக்கக் குடிக்கிற வோபரின், குளோபிடோக்ரல் போன்றவற்றையும் அப்படியே. நீங்களாக நிறுத்த வேண்டாம், நீங்களாகத் தொடரவும் வேண்டாம்.

இன்னுமொன்று, இது எங்கள் பக்கத்துக்கு மட்டும் உரிய கதை. அம்மாவின் வயிற்றில் பழைய ஒப்பரேசன் தழும்பு இருந்தால், சண்டைக் காலத்தில் செல் பட்டுத் திறந்து தைத்ததாக இருந்தாலும், பிள்ளைப்பேற்றுக்குக் கீறியதாக இருந்தாலும், வைத்தியரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். உள்ளே குடல் ஒன்றோடொன்று ஒட்டிப் போயிருக்கலாம், அப்படியென்றால் கமரா திரும்புகிற இடங்களில் வலி கூட வரும், தெரிந்தால் அவர்கள் மெதுவாகப் போவார்கள், ஊசியையும் அதற்கேற்றபடி கொடுப்பார்கள். உடம்பில் செல் துண்டு இருக்கிறது என்றால் கொலனோஸ்கோப்பிக்கு அது ஒரு தடையும் இல்லை. ஆனால் பிற்காலத்தில் எம்ஆர்ஐ (பெரிய காந்தத்தால் எடுக்கிற ஸ்கான்) என்று எழுதினால் கட்டாயம் சொல்ல வேண்டும், அந்தக் காந்தம் இரும்புத் துண்டை அசைத்துவிடலாம்.

மருந்து குடிப்பது. உப்பும் பிசுபிசுப்புமாக, வாய்க்கு ஒவ்வாத ஒரு சாமான், அதையும் லீற்றர் கணக்கில். நன்றாகக் குளிர வைத்துக் கொடுங்கள், ஒவ்வொரு கோப்பைக்கும் பிறகு தேசிக்காய்ப் பிளவு ஒன்றை நக்க விடுங்கள், ஒரே மூச்சில் குடிக்கச் சொல்லி வற்புறுத்த வேண்டாம். சத்தி வருமாப் போல இருந்தால் அரை மணித்தியாலம் நிறுத்திவிட்டு வளவில் நடக்கவிட்டுத் தொடங்குங்கள். இப்போது பெரும்பாலும் பாதியை முதல்நாள் பின்னேரமும் மீதியை அன்று விடியப்புறமும் குடிக்கத் தருகிறார்கள், அப்படிச் செய்தால்தான் குடல் நன்றாகச் சுத்தமாகும். ஆனால் புதுக்குடியிருப்பிலிருந்து விடியக் குடித்துவிட்டுப் பரந்தன் றோட்டால் பஸ்ஸில் வருவது என்பது நடக்காத காரியம், நடு வழியில் இறங்க வேண்டி வரும். கிளிநொச்சியோ வவுனியாவோ யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரியோ, எங்கே போட்டிருக்கிறார்களோ அதற்குக் கிட்டச் சொந்தக்காரர் வீடு ஒன்று இருந்தால் முதல்நாள் காலையிலேயே போய் இருந்துவிடுங்கள், இல்லாவிட்டால் முதல்நாளே வார்ட்டில் எடுக்க முடியுமா என்று கேளுங்கள். தூரத்து ஆட்களை எடுப்பதுண்டு.

வீட்டிலேயே குடிப்பதென்றால் கக்கூஸைப் பற்றி யோசியுங்கள். எங்கள் வீடுகளில் அது வளவின் பின்பக்கம், கிணற்றைத் தாண்டி இருக்கும், இரவில் அம்மா அத்தனை தரம் ஓட வேண்டும். வழியில் லைட் எரியட்டும், ரோச் ஒன்றைக் கையில் கொடுங்கள், கறண்ட் போகிற நேரத்தில் பாம்பு பூச்சியும் இருக்கும். குந்தி எழும்ப முழங்கால் விடாது என்றால் நடுவில் ஓட்டை வெட்டிய கதிரை ஒன்றை இரவல் வாங்கிப் போடுங்கள். வாளியில் தண்ணீர் நிறைந்தே இருக்கட்டும், கடதாசியால் துடைக்காமல் கழுவி ஒத்தி எடுத்துத் தேங்காய் எண்ணெய் கொஞ்சம் பூசினால் புண்ணாகாது. கடைசியில் போவது தெளிந்த மஞ்சள் தண்ணியாக இருந்தால் வேலை முடிந்தது. கலங்கலாகவே இருந்தால் மறைக்காமல் ஆஸ்பத்திரியில் சொல்லுங்கள், அரைகுறையாகக் கழுவின குடலில் முளை மறைந்திருக்கும், பிறகு எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்ய வேண்டி வரும்.

அம்மா "செத்தாலும் போகமாட்டன்" என்பதற்கு வலி காரணமில்லை என்று நினைக்கிறேன். வெட்கம். இதைப் பெண்பிள்ளைகள்கூட அம்மாவிடம் வாய்விட்டுக் கேட்பதில்லை. நீங்கள் கேளுங்கள். அங்கே பின்பக்கம் திறந்த ஒரு கவுண் தருவார்கள், மேலே சீலை போட்டு மூடித்தான் வைத்திருப்பார்கள், தேவையான இடம் மட்டும்தான் தெரியும். ஒரு பொம்பிளை நேர்ஸ் பக்கத்தில் நிற்க வேண்டும் என்று தாராளமாகக் கேட்கலாம், அது பேராசை இல்லை, வழமையாக நிற்பார்கள்தான். வைத்தியரின் கண் முழுக்கத் திரையில் இருக்கும். முளையை வெட்ட மின்சாரம் பாவிப்பார்கள் என்பதால் சில இடங்களில் நகையைக் கழற்றச் சொல்வார்கள், தாலியைக் கழற்றுவதென்றால் அங்கே வைத்து அந்தரப்படாமல் வீட்டிலேயே மஞ்சள் கயிற்றில் மாற்றிக்கொண்டு போகட்டும்.

உள்ளே நடப்பது சுருக்கமாக: கையில் கனுலா (நரம்பில் மருந்து ஏற்றுகிற சின்னக் குழாய்) போட்டு, அரைத்தூக்கம் வருகிற ஊசி கொடுப்பார்கள், எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இல்லை, முழு மயக்கமும் இல்லை. குடலை விரிக்கக் காற்று அடிப்பார்கள், அதனால் வயிறு ஊதி, வெளிக்குப் போக வேண்டும் போல அந்தரமாக இருக்கும், ஒன்றும் போகாது, உள்ளே ஒன்றும் இல்லை. குடல் வளைகிற இடத்தில் குழாய் வளைந்து இழுக்கும்போது வயிற்றைப் பிடுங்கும், அந்த நேரத்தில் ஒரு நேர்ஸ் வெளியிலிருந்து வயிற்றை அழுத்திப் பிடிப்பார், அல்லது மற்றப் பக்கம் திரும்பச் சொல்வார்கள். வாயைத் திறந்து நீட்டி மூச்சு விட்டால் குறையும். தசைத் துண்டு எடுப்பது துளியும் நோகாது, குடலின் உட்தோலுக்கு வெட்டுத் தெரியாது, இழுத்தால்தான் தெரியும். காற்றுப் பிரிந்தால் விட்டுவிடச் சொல்லுங்கள்! அந்த அறையில் அதைக் கேட்டு ஒருவரும் சிரிப்பதில்லை, அடக்கினால்தான் வலி. குடல் ஓட்டையாவது நடக்கக்கூடியதுதான், ஆனால் பார்க்க மட்டும் செய்கிற பரிசோதனையில் ஆயிரம் பேருக்கு ஒருவர் என்பதைவிடக் குறைவு.

சரி, முயல்கள். முயலைத் தடவினால் பயம் குறையும் என்பது சும்மா கதை இல்லை. 2003இல் இஸ்ரேல் ஆய்வாளர்கள் ஆட்களுக்கு ஒரு பெரிய சிலந்தியைக் காட்டிப் பயமூட்டிவிட்டு, சிலரிடம் உயிருள்ள முயலையும் சிலரிடம் ஆமையையும் சிலரிடம் பொம்மை முயல், பொம்மை ஆமையையும் கொடுத்துத் தடவச் சொன்னார்கள். உயிருள்ளவற்றைத் தடவினவர்களுக்குத்தான் பதற்றம் குறைந்தது, பொம்மைகளால் பலன் இல்லை. ஆமையின் ஓட்டைத் தடவினவர்களுக்கும் குறைந்தது என்பதால் மென்மயிர்தான் காரணம் என்றும் சொல்ல முடியாது. நான் நினைப்பது, முயல் கதைக்காது, அதுதான். முதல்நாள் அம்மாவைச் சுற்றி நிற்கிற ஒவ்வொருவரும் "பயப்படாதேங்கோ" என்பார்கள், அயல் வீட்டு அக்கா வந்து தன் மச்சாளுக்கு நடந்ததைச் சொல்லிவிட்டுப் போவார், முயல் மட்டும்தான் தன் புல்லைப் பார்த்துக்கொண்டிருக்கும். அடுப்படியில் மற்றவர்களுக்குச் சமைக்கிற மணம் பட்டினி கிடக்கிற ஆளுக்கு நரகம். அந்த வேளையில் புல்லு அரிவது, தண்ணீர் மாற்றுவது, கூடு கூட்டுவது, இந்த வேலைகளை அம்மாவிடமே விட்டுவிடுங்கள். அவரால் சாப்பிட முடியாத நாளில் சாப்பாடு கொடுப்பதாவது இருக்கட்டும்.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. அம்மாவின் குடலை நீங்கள் வெறுமையாக்குகிறீர்கள், முயலின் குடல் ஒருபோதும் வெறுமையாகக் கூடாது. முயலால் சத்தி எடுக்க முடியாது, அதன் குடல் எந்நேரமும் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், அரை நாள் ஒன்றும் தின்னாமல் புழுக்கையும் போடாமல் இருந்தால் அது அவசரம், உடனே மிருக வைத்தியரிடம் கொண்டுபோக வேண்டும். எங்களை ஒப்பரேசனுக்கு முன்பு பட்டினி போடுவார்கள், முயலை ஒப்பரேசனுக்கு முன்பும் பட்டினி போடுவதில்லை. ஆகவே வீட்டில் எல்லாரும் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புகிற பரபரப்பில் முயலை மறந்துவிடாதீர்கள். கினிப்புல், அறுகம்புல் தாராளமாகப் போட்டு, இரண்டு பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, பின்னேரம் வந்து பார்க்க அயல் பிள்ளை ஒன்றிடம் சொல்லிவிட்டுப் போங்கள். பாணும் பிஸ்கட்டும் கொடுக்க வேண்டாம் என்பதையும் அந்தப் பிள்ளைக்குச் சொல்லுங்கள், பாசத்தில் அதைத்தான் கொடுப்பார்கள். மரவள்ளி இலையும் இப்பிலிப்பிலும் வேண்டாம். சோளகக் காற்று வீசுகிற மாதங்களில் இங்கே அடிக்கிற வெக்கைக்கு முயல் துவண்டு விழும், 30 பாகைக்கு மேலே போனாலே அதற்கு ஆபத்து, தண்ணிப் போத்தலை உறைய வைத்துத் துவாயில் சுற்றிக் கூட்டுக்குள் வையுங்கள், அது வந்து சாய்ந்து படுக்கும். கூடு மரநிழலில் நிலத்திலிருந்து உயரமாக, கீரியும் நாயும் எட்டாதபடி.

தடவுகிற விதம். தூக்க வேண்டாம், முக்கியமாகக் காதில் பிடித்து. மடியில் மல்லாக்காகப் படுக்கவைத்தால் அசையாமல் கிடக்கும், அதைச் சுகம் என்று நினைப்பார்கள், அது பயத்தில் உறைந்து கிடப்பது. அம்மா பொழுதுபடுகிற நேரம் பாயைப் போட்டு நிலத்தில் இருக்கட்டும், முயலுக்கு உசார் வருகிற நேரமும் அதுதான், தானாக வரும். நெற்றியிலும் கன்னத்திலும் காதின் அடியிலும் தடவினால் பல்லை மெல்ல நறநறத்து ஒரு சத்தம் போடும், அது திருப்தி. பலமாகக் கடித்துச் சுருண்டு இருந்தால் அது வலி, இரண்டையும் மாறாட வேண்டாம். மருந்து குடிக்கத் தொடங்கிய பிறகு மடியில் வைக்கக் கூடாது, திடீரென எழுந்து ஓடும்போது முயல் உதறி விழுந்தால் முதுகெலும்பே முறியும், அதன் எலும்பு அவ்வளவு மெல்லியது.

கிருமிக்குப் பயப்பட வேண்டியதில்லை. அம்மாவுக்கு வெளியே புண் ஒன்றும் இல்லை. கூடு கூட்டின பிறகும் மருந்து கலக்க முன்பும் சவுக்காரம் போட்டுக் கை கழுவினால் போதும். பரிசோதனை முடிந்து வந்த நாள் முழுக்கத் தூக்க ஊசியின் மந்தம் இருக்கும், 24 மணித்தியாலம் வாகனம் ஓடக் கூடாது, கடுதாசி ஒன்றிலும் கையெழுத்து வைக்கக் கூடாது, அன்றைக்கு முயலையும் தூக்க விடாதீர்கள். காற்றுப் பிரியும் மட்டும் வயிறு ஊதி இருக்கும், நடந்தால் போகும். ஆனால் வயிறு கல்லுப் போல இறுகி வலி கூடினால், காய்ச்சல் வந்தால், கட்டி கட்டியாக இரத்தம் போனால் விடியட்டும் என்று இருக்காமல் ஓட்டோ பிடித்துப் போய்விடுங்கள். முளை வெட்டியிருந்தால் இரண்டு கிழமைக்குள் எப்போது வேண்டுமானாலும் இரத்தம் போகலாம். தசைத் துண்டின் ரிப்போர்ட் வரக் கிழமைகள் எடுக்கும், அது வரும் மட்டும் இருக்கிற இருப்பு முதல்நாளைவிடக் கொடுமை, அப்போதும் அம்மா கூட்டுக்குப் பக்கத்திலேயே இருந்தால் ஏச வேண்டாம், இருக்கட்டும்.

புழுக்கையைத் தின்கிறது வருத்தம் இல்லை. முயல் இரண்டு வகையாகப் போடும், ஒன்று நீங்கள் கூட்டுகிற உருண்டையான காய்ந்த புழுக்கை, மற்றது திராட்சைக் குலை மாதிரி ஒட்டின, பளபளப்பான, மெத்தென்ற ஒன்று, பெரும்பாலும் இரவிலோ விடியப்புறத்திலோ வரும். புல்லை முதல் தரத்தில் அதனால் முழுக்கச் செமிக்க முடியாது, பெருங்குடலின் தொடக்கத்தில் இருக்கிற பையில் புளிக்க வைத்து, அதில் வருகிற சத்தையும் விற்றமினையும் எடுக்க இரண்டாம் தரம் தன் பின்பக்கத்தில் நேரே வாயை வைத்தே எடுத்துத் தின்னும். தடுத்தால் மெலிந்து போகும். அது நிலத்தில் தின்னாமல் கிடந்து நாறத் தொடங்கினால்தான் யோசிக்க வேண்டும். அனேகமாகச் சோறோ பழமோ கூடக் கொடுத்திருப்பீர்கள், நிறுத்திவிட்டுப் புல்லை மட்டும் கொடுத்துப் பாருங்கள், மாறாவிட்டால் மிருக வைத்தியரிடம் காட்டுங்கள்.